அமிழும் தட்டும் செம்புத் தாதுவும்: சுவடுத் தனிமங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும் இடங்களில் எரிமலைகள் வில்போல் வரிசையாக எழுகின்றன. ஆண்டீஸ், ஜப்பான், இந்தோனேசியா, அலூஷியன் தீவுகள் எல்லாம் அப்படித் தோன்றியவை. உலகின் பெரிய செம்புச் சுரங்கங்களில் பெரும்பாலானவை, இத்தகைய எரிமலைகளின் வேர்ப்பகுதியாக ஒரு காலத்தில் இருந்த பாறைகளில்தான் தோண்டப்படுகின்றன. இது தற்செயலாக அமைந்ததில்லை. ஆனால் காரணம் என்னவென்று கேட்டால், பாடநூல்களில் வரும் ஒற்றை வரி விடை போதவே போதாது. மாணவர்களும், கனிமத் தேடலுக்குப் புதிதாக வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுவடுத் தனிமம் என்பது எது? டன்னுக்குச் சில கிராம் இருக்கும் பொருளுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

ஒரு பாறையின் எடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் போன்ற சில தனிமங்களே நிரப்பிவிடுகின்றன. எஞ்சிய அத்தனை தனிமங்களும் பத்து லட்சத்தில் சில பங்கு, சில சமயம் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் மட்டும் இருக்கும். இவையே சுவடுத் தனிமங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் டன்னுக்கு ஒரு கிராம். சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும் என்பதால், இந்தப் பக்கம் முழுவதும் டன்னுக்கு இத்தனை கிராம் என்றே சொல்கிறேன்.

முதன்மைத் தனிமங்கள் எந்தக் கனிமம் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சுவடுத் தனிமங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. இருக்கும் கனிமங்களுக்கும் உருகிய குழம்புக்கும் இடையே தங்களுக்கு ஏற்ற இடம் தேடி ஒதுங்குகின்றன, அவ்வளவுதான். கார்னெட் என்னும் கனிமம் யிட்ரியத்தையும் கனமான அருமண் தனிமங்களையும் ஆவலோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளேஜியோகிளேஸ் ஸ்ட்ரான்ஷியத்தை இழுக்கும். பேரியமும் தோரியமும் கவசத்தின் (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கின்) எந்தக் கனிமத்திலும் எளிதில் பொருந்தாமல் குழம்போடு கிளம்பிவிடும். ஆகவே ஒரு எரிமலைப் பாறையில் எது குறைந்திருக்கிறது, எது மிகுந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் குழம்பு எந்த ஆழத்தில் எந்தக் கனிமங்களோடு இருந்துவிட்டு வந்தது என்று சொல்லிவிட முடிகிறது. அந்தக் கனிமங்கள் ஒன்றுகூட மேலே வராமல் போயிருக்கலாம். அவை எடுத்துக்கொண்டதன் குறை மட்டும் பாறையில் பதிந்திருக்கும்.

அமிழும் தட்டு உருகுவதால்தானே எரிமலை உண்டாகிறது?

பெரும்பாலான இடங்களில் இல்லை. இந்தத் தவறான கருத்து இன்னும் பல படங்களில் தொடர்கிறது. கீழே போகும் தட்டு பழையது, குளிர்ந்தது. சுற்றிலும் உள்ள கவசத்தைவிட வெப்பம் குறைந்தது. அது செய்யும் காரியம் வேறு: தன்னோடு தண்ணீரைக் கொண்டுபோகிறது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையும், அதன் மேல் படிந்த சேறும், அதற்கும் கீழே செர்பென்டைனாக மாறிய கவசப் பாறையும் தண்ணீரைத் தங்கள் கனிமங்களுக்குள்ளேயே கட்டிவைத்திருக்கின்றன. அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது அந்தக் கனிமங்கள் சிதைந்து தண்ணீரை விட்டுவிடுகின்றன. எரிமலைகளுக்குக் கீழே தட்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது பொதுவான நிலை.

விடுபட்ட தண்ணீர் மேலே இருக்கும் சூடான கவசத்துக்குள் நுழைந்ததும், அந்தப் பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி சரிகிறது. கவசம் உருகுகிறது. நடுக்கடல் மலைத்தொடரின் பசால்ட்டில் தண்ணீர் பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் கீழே. எரிமலை வில் பசால்ட்டில் சராசரியாக 4 விழுக்காடு. பின்னால் வரும் செம்புக் கதை முழுவதற்கும் இந்த 4 விழுக்காடுதான் தொடக்கம். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிமலை வில் பாறைகளில் நியோபியமும் டான்டலமும் குறைவாக இருக்கின்றன என்கிறார்களே, ஏன்?

தனிமங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அளவையும் ஆதிக்கவசத்தின் (மேலோடு பிரிவதற்கு முன் இருந்த கவசத்தின்) அளவால் வகுத்துக் கோடு வரைவது வழக்கம். நடுக்கடல் பசால்ட்டுக்கு அந்தக் கோடு வழவழப்பாக ஓடும். வில் பாறைகளுக்கு மேடும் பள்ளமுமாகக் குதிக்கும். பேரியம், ருபீடியம், யுரேனியம், ஈயம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவை மேட்டில். நியோபியம், டான்டலம், டைட்டானியம் பள்ளத்தில். வில் பசால்ட்டில் நியோபியம் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் இருந்தாலே இயல்பு. டோங்கா போன்ற சில வில்களில் ஒரு கிராமுக்கும் கீழே போய்விடும்.

தட்டு வெளிவிட்ட சூடான தண்ணீர்ப் பாய்மத்தில் கரைந்து நகரக்கூடியவை தட்டிலிருந்து கவசத்துக்கு ஏறிவிட்டன, கரையாதவை தங்கிவிட்டன. அதுதான் முதல் காரணம். நியோபியத்துக்கும் டான்டலத்துக்கும் இன்னொரு பூட்டும் உண்டு. அமிழும் தட்டில் ரூட்டைல் என்னும் டைட்டானியம் ஆக்சைடு கனிமம் உருவாகிறது. பாறையில் ஒரு விழுக்காடு அளவுக்கு இருந்தாலும் போதும், நியோபியத்தையும் டான்டலத்தையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சீரியம்–ஈயம் விகிதமும் இதே கதையைச் சொல்கிறது. நடுக்கடல் பசால்ட்டிலும் கடல்தீவுப் பசால்ட்டிலும் அது சுமார் 25. வில் பாறைகளில் பெரும்பாலும் 10க்குக் கீழே. சீரியம் தங்கிவிட, ஈயம் பாய்மத்தோடு ஓடிவந்ததன் அடையாளம் இது.

கடலடிச் சேறு உண்மையிலேயே எரிமலைக்குள் போய்ச் சேர்கிறதா? எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதற்குத்தான் இருக்கிறது. பெரிலியம்-10 என்னும் ஐசோடோப்பு வளிமண்டலத்தில் பிறக்கிறது. விண்வெளிக் கதிர்கள் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களைச் சிதறடிக்கும்போது உண்டாகி, மழையோடு கடலில் இறங்கி, அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். ஒரு கோடி ஆண்டுக்கு மேல் புதைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. கவசத்தில் அது இருக்க வழியே இல்லை.

1980களில் மத்திய அமெரிக்கா, அலூஷியன் தீவுகள் ஆகிய இடங்களின் எரிமலைக் குழம்பில் பெரிலியம்-10 அளந்து காட்டப்பட்டது. ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் வேகத்தில் அமிழும் தட்டு, சரிவுவழியே 200 கிலோமீட்டர் போக 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். அதற்குள் பெரிலியம்-10 தேய்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிஞ்சியிருக்கும், ஆனால் அழிந்திருக்காது. எனவே வானத்தில் பிறந்த ஓர் அணு மழையாகி, சேறாகி, 100 கிலோமீட்டர் ஆழம் போய், குழம்பாகித் திரும்பி வந்திருக்கிறது. எல்லா வில்லிலும் இது கிடைப்பதில்லை. இளஞ்சேறு தட்டின் மேலிருந்து சுரண்டப்பட்டு மேலேயே தங்கிவிடும் இடங்களில் இந்தச் சுவடு மங்கிவிடும்.

வேகத்தைக் காட்டும் சான்று ரேடியம்-226. அதன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள் மட்டுமே. டோங்காவின் இளம் எரிமலைப் பாறைகளில் அது தாய்த்தனிமத்துக்கு உரிய அளவைவிட மிகுந்து காணப்படுகிறது. அப்படியானால் பாய்மம் தட்டைவிட்டுக் கிளம்பி, குழம்பாகி, மேலே வந்து சேர்ந்தது வெறும் சில ஆயிரம் ஆண்டுகளில்.

ஆய்வகம் கொடுக்கும் எண்கள் எல்லாவற்றையும் நம்பலாமா?

நம்பக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை நான் கொடுத்தனுப்பிய ஆண்டிசைட் (பசால்ட்டைவிடச் சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறை) மாதிரிகளின் முடிவில் நியோபியம்–டான்டலம் விகிதம் 3 என்று வந்தது. இயல்பான பாறைகளில் அது பெரும்பாலும் 10க்கும் 18க்கும் இடையே இருக்கும். ஒரு வாரம் அதற்கு விளக்கம் தேடி அலைந்தேன். தட்டில் புதிய கனிமம் ஏதாவது இருந்திருக்குமோ என்றுகூட எழுதிப் பார்த்தேன். பிறகுதான் கோபால்ட் வரிசை கண்ணில் பட்டது. ஆண்டிசைட்டுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் இருந்தது. அடுத்த வரிசையில் டங்ஸ்டன் அதற்கும் மேலே. மாதிரிகளை டங்ஸ்டன் கார்பைடு அரைகலத்தில் பொடித்திருக்கிறார்கள்! அந்தக் கலத்தில் கோபால்ட் பிணைப்புப் பொருள், டான்டலமும் கலந்திருக்கும். நான் விளக்க முயன்றது பூமியின் ஆழத்தை இல்லை, ஆய்வகத்தின் அரைகலத்தை. இப்போதெல்லாம் அகேட் கலம் என்று மாதிரிச் சீட்டிலேயே எழுதித்தான் கொடுக்கிறேன்.

இன்னொரு பொறி சிர்கான் என்னும் சிர்கோனியம் சிலிகேட் கனிமம். அமிலத்தில் முழுமையாகக் கரையாமல் அடியில் தங்கிவிட்டால் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் பொய்யாகக் குறைந்து வரும்.

தாது தேடுபவர்களுக்கு இவை இரண்டையும்விடப் பெரிய ஆபத்து, பாறை பிற்பாடு மாறியிருப்பது. தாதுப் படிவைச் சுற்றிய பாறைகளில் சூடான பாய்மம் பொட்டாசியத்தையும் ருபீடியத்தையும் புகுத்தியிருக்கும், ஸ்ட்ரான்ஷியத்தையும் சோடியத்தையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்தப் பாறையின் பேரியத்தை வைத்துக் கடலடிச் சேற்றைப் பற்றிப் பேசுவது வீண். அங்கே தோரியம், நியோபியம், டைட்டானியம், சிர்கோனியம், அருமண் தனிமங்கள் போன்ற எளிதில் நகராதவற்றையே நம்ப வேண்டும். ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவிய மெல்லிய வெட்டில் பாறையை நுண்ணோக்கியின் கீழ் பார்க்காமல் எண்ணை மட்டும் வாங்கி வரைபடம் போடுபவர்களை எனக்கு ஏற்பில்லை.

ஸ்ட்ரான்ஷியம்–யிட்ரியம் விகிதம் உயர்ந்தால் செம்பு இருக்கும் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1990இல் டிஃபன்ட், டிரம்மண்ட் ஆகிய புவியியலாளர்கள் இருவரும் ஒரு பாறைவகையை வரையறுத்தார்கள். அலூஷியனில் உள்ள அடாக் தீவின் பெயரால் அடாகைட் என்று அழைத்தார்கள். யிட்ரியம் டன்னுக்கு 18 கிராமுக்குக் கீழே, ஸ்ட்ரான்ஷியம் 400 கிராமுக்கு மேலே, இரண்டின் விகிதம் 40க்கு மேலே. இளமையும் சூடும் மிச்சமிருக்கும் தட்டு அமிழும்போது, அரிதாகத் தட்டே உருகலாம். கார்னெட் யிட்ரியத்தைப் பிடித்துக்கொள்ள, பிளேஜியோகிளேஸ் இல்லாததால் ஸ்ட்ரான்ஷியம் முழுவதும் குழம்புக்கு வந்துவிடும் என்பது அவர்கள் விளக்கம்.

பெரிய செம்புப் படிவுகளோடு தொடர்புள்ள பாறைகள் பலவும் இதே முகத்தோடு இருப்பதைப் பார்த்து, தட்டு உருகினால்தான் செம்பு என்று ஒரு கருத்து பரவியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சாதாரண வில் குழம்பு தண்ணீர் மிகுந்த நிலையில் மேலோட்டின் ஆழத்தில் தங்கிப் படிகமானாலும் இதே விகிதம் வந்துவிடும். தண்ணீர் மிகுந்தால் பிளேஜியோகிளேஸ் படிகமாவது தள்ளிப்போகும், ஹார்ன்பிளென்ட் முந்திக்கொள்ளும். ஹார்ன்பிளென்ட் யிட்ரியத்தை எடுத்துக்கொள்ள, ஸ்ட்ரான்ஷியம் செலவாகாமல் குழம்பிலேயே ஏறிக்கொண்டே போகும். ஆக அந்த எண் சொல்வது ‘இந்தக் குழம்பில் தண்ணீர் நிறைய இருந்தது, ஆழத்தில் நெடுநாள் இருந்தது’ என்பதைத்தான். செம்புக்கு வேண்டிய இரண்டு நிபந்தனைகள் அவை என்பதால் எண்ணும் படிவும் சேர்ந்தே வருகின்றன.

வில் பாறைக்குழம்பில் செம்பு மிகுதியாக இருப்பதால்தானே தாது உண்டாகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வில் பசால்ட்டின் செம்பும் நடுக்கடல் பசால்ட்டின் செம்பும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டிலும் டன்னுக்கு 100 கிராமைச் சுற்றியோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும். குழம்பு ஆண்டிசைட்டாக மாறும்போது அது 50, 30 என்று இறங்கியும் விடுகிறது. தாதுவோ டன்னுக்கு 5 கிலோ, அதாவது 0.5 விழுக்காடு. நூறு மடங்கு செறிவு எங்கிருந்து வந்தது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கோடி டன் செம்பு உள்ள பெரிய படிவு ஒன்று. குழம்பில் டன்னுக்கு 50 கிராம், அதில் பாதி மட்டுமே பாய்மத்தில் ஏறிப் படிவாகிறது என்று வையுங்கள். டன்னுக்கு 25 கிராம். அப்படியானால் 40,000 கோடி டன் குழம்பு வேண்டும். கனஅளவில் சுமார் 160 கன கிலோமீட்டர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு பெரிய எரிமலையின் வாழ்நாளில் அதன் அடியில் சேரும் குழம்புக்கு இது அசாதாரண அளவில்லை.

எனவே கேள்வியே மாறுகிறது. குழம்பில் செம்பு எவ்வளவு என்பதைவிட, இருந்த செம்பை வழியில் தொலைக்காமல் வந்ததா, கடைசியில் ஒரே வாசல் வழியாக வெளியேற்றியதா என்பதுதான் முக்கியம்.

வழியில் எப்படித் தொலைகிறது? கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இதில் என்ன பங்கு?

செம்புக்கும் தங்கத்துக்கும் கந்தகத்தின் மேல் பெரும் ஈர்ப்பு. குழம்பில் கந்தகம் சல்பைடு வடிவில் நிறைந்து, மேற்கொண்டு கரைய இடமில்லாமல் போனால், எண்ணெய்த் துளி தண்ணீரிலிருந்து பிரிவதுபோல் சல்பைடுத் துளிகள் பிரியும். அந்தத் துளியில் செம்பு, சுற்றியுள்ள குழம்பைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு செறிவாக ஏறிவிடும். தங்கம் அதைவிடவும் மோசமாக ஓடிப்போகும். துளிகள் கனமானவை, கீழே படியும் படிகங்களோடு மேலோட்டின் அடியிலேயே தங்கிவிடும். மேலே வரும் குழம்பு வறுமைப்பட்டு வரும்.

குழம்பில் ஆக்சிஜனேற்றம் மிகுந்தால் கந்தகம் சல்பைடாக இல்லாமல் சல்பேட்டாக இருக்கும். சல்பேட்டாக இருக்கும் கந்தகம் குழம்பில் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் கரையும். சல்பைடுத் துளி பிரிவது தள்ளிப்போகும், செம்பும் குழம்பிலேயே இருக்கும். வில் குழம்புகள் நடுக்கடல் குழம்புகளைவிடப் பெரும்பாலும் மிகுந்த ஆக்சிஜனேற்றம் அடைந்தவை.

இதற்குக் கண்முன் நடந்த சான்று பிலிப்பைன்ஸின் பினடுபோ. 1991 ஜூன் 15 அன்று அது வெடித்தபோது ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டன் வரை கந்தக டைஆக்சைடு வானேறியது. வெளிவந்த நுரைக்கல்லுக்குள் அன்ஹைட்ரைட் படிகங்கள் இருந்தன. அது கால்சியம் சல்பேட். மெக்சிகோவின் எல் சிசோன் 1982இல் வெடித்தபோதும் இதே படிகங்கள் கிடைத்தன. இவை மழைநீரில் கரைந்துவிடும் என்பதால் விழுந்த சில நாட்களில் எடுத்த மாதிரிகளில்தான் நன்றாகத் தெரியும். பழைய பாறைகளில் இல்லை என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஆக்சிஜனேற்றம் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. தட்டிலிருந்து வந்த பாய்மமே கவசத்தை மாற்றிவிடுகிறது என்பது ஒரு தரப்பு. மேலே வரும் வழியில் கார்னெட்டும் பிற கனிமங்களும் இரும்பை எடுத்துக்கொள்வதால் நேர்கிறது என்பது இன்னொன்று. தண்ணீர் மிகுந்த குழம்புகளே ஆக்சிஜனேற்றமும் மிகுந்திருப்பதை அளவீடுகள் காட்டுவதால், நான் முதல் தரப்பின் பக்கமே சாய்கிறேன்.

அப்படியானால் பெரும்பாலான செம்பு இப்போது எங்கே?

கண்ட மேலோட்டின் சராசரிச் செம்பு டன்னுக்கு 27 கிராம் மட்டுமே. வில் குழம்புகளால் கட்டப்பட்ட மேலோடு இவ்வளவு வறுமையாக இருக்கிறதென்றால், செம்பின் பெரும்பகுதி ஆழத்தில், சல்பைடு பொதிந்த பைராக்சினைட் போன்ற கனத்த பாறைகளில் தங்கிவிட்டது என்று பொருள். எரிமலைகள் சில சமயம் மேலே தூக்கி வரும் துண்டுகளில் அந்தச் சல்பைடு மணிகளைப் பார்க்க முடிகிறது.

குழம்பிலிருந்து செம்பு எப்படி வெளியேறுகிறது?

குழம்பு மேலோட்டில் 5 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் அறையில் தங்குகிறது. மேலே வரவர அழுத்தம் குறைகிறது, படிகங்கள் பெருகுகின்றன. சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் கரைந்திருந்த தண்ணீர் தனிப் பாய்மமாகப் பிரிகிறது. கூடவே குளோரின் அந்தப் பாய்மத்துக்குப் போகிறது. குளோரின் செம்பைக் கட்டிக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் சொன்ன அந்த 4 விழுக்காடு தண்ணீர் வேலை செய்யும் இடம் இதுதான்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரு சமன்பாடாக மட்டுமே இருந்தது. கண்ணால் பார்த்த நாள் வேறு. போர்ஃபிரி செம்புப் படிவு (இப்படி வெளியேறிய பாய்மம் ஊடுருவிய பாறையிலும் சுற்றிலும் செம்பைப் பரவலாகப் படியவைத்த பெரிய தாதுப் படிவு) ஒன்றின் குவார்ட்ஸ் நரம்பை இருபக்கமும் மெருகேற்றிய மெல்லிய தகடாக்கி நுண்ணோக்கியில் வைத்தேன். மயிரிழையிலும் மெல்லிய பொந்து ஒன்று தெரிந்தது. உள்ளே கொஞ்சம் திரவம். ஒரு குமிழி. அதன் பக்கத்தில் கூர்மையான விளிம்புகளோடு ஒரு சிறு கனசதுரம், சாதாரண உப்பு. ஓரத்தில் சிவப்பாக ஒரு ஹெமடைட் செதில். மூலையில் ஒளி புகாத ஒரு குட்டி முக்கோணம். அது சால்கோபைரைட், செம்புத் தாது. தகட்டை மெல்ல மெல்லச் சூடேற்றினால் உப்புக் கட்டி மூலைகள் மழுங்கி உருண்டையாகிக் கரைகிறது. பிறகு குமிழி துடித்துச் சுருங்கி மறைகிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பாறைப் பிளவில் ஓடிய அந்தத் திரவம், அன்றிருந்த வெப்பத்தில், அன்றிருந்தபடியே மறுபடி ஒன்றாகிவிட்டது. அந்த நுண்பொந்துகளை லேசரால் துளைத்து நிறமாலைமானியில் அளக்கும் முறை 1990களில் வந்தது. அதற்குப் பிறகு, பாய்மத்தில் செம்பு டன்னுக்கு ஆயிரக்கணக்கான கிராம் வரை இருந்ததை நேரடியாகவே அளக்க முடிந்தது.

பாய்மம் ஏன் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் செம்பைக் கொட்டுகிறது?

குளிர்வதால். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்கம் கேன்யனில் செய்த ஆய்வு, சுமார் 425 டிகிரி செல்சியசிலிருந்து 350 டிகிரிக்குள் செம்பின் பெரும்பகுதி படிந்துவிட்டதைக் காட்டியது. அவ்வளவு குறுகிய இடைவெளி! கந்தக டைஆக்சைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஒரு பகுதி கந்தக அமிலமாகவும் மறுபகுதி ஹைட்ரஜன் சல்பைடாகவும் பிரிவதும் ஏறத்தாழ இந்த வெப்பங்களில்தான். இதுவரை செம்பைக் குழம்பில் காப்பாற்றிய சல்பேட், இப்போது சல்பைடைக் கொடுத்துச் செம்பைப் பூட்டிவிடுகிறது. வழியெல்லாம் தவிர்க்க வேண்டியிருந்த சல்பைடு, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் தேவைப்படுகிறது.

இந்தப் பாய்மம் சுற்றியுள்ள பாறையை வளையம் வளையமாக மாற்றிவிடும். நடுவில் பொட்டாசியம் ஏறிய மண்டலம், சுற்றி வெண்மைக்கா மண்டலம், வெளியே பச்சைநிறக் கனிமங்களின் மண்டலம். 1970இல் லோவல், கில்பர்ட் ஆகியோர் அரிசோனாவின் சான் மானுவல்–கலமசூ படிவில் இதை வரைந்து காட்டினார்கள். களத்தில் இன்றும் அந்த வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறோம். இத்தகைய படிவுகளைத் தட்டு அமிழ்வோடு இணைத்துப் புவியியலாளர் சிலிட்டோ எழுதியது 1972இல்.

எவ்வளவு செம்பு இப்படி வருகிறது?

உலகச் செம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மாலிப்டினத்தில் பாதி, தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போர்ஃபிரிப் படிவுகளிலிருந்து வருகின்றன. சிலியின் எல் டெனியன்டே, சுகிகமாட்டா, எஸ்கொண்டிடா, இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பம்.

எல்லா எரிமலைக்கு அடியிலும் ஏன் படிவு இல்லை?

எரிமலை வெடித்துவிட்டால் பாய்மமும் கந்தகமும் வானத்தில் போய்விடும். பினடுபோவின் கந்தகம் போனதுபோல். படிவு உண்டாக வேண்டுமென்றால் குழம்பு பெருமளவில் சேர வேண்டும், வெடிக்காமல் தங்க வேண்டும், பாய்மம் அறையின் உச்சியில் ஒரு விரல்போன்ற குறுகிய ஊடுருவல் (பிற பாறைக்குள் புகுந்து உறைந்த குழம்பு) வழியாக ஒன்றுகூடி ஏற வேண்டும். மேலோடு நெருக்கப்படும் காலங்களில் குழம்பு எளிதில் மேலே வர முடியாமல் ஆழத்தில் தேங்கும். ஆண்டீஸின் பெரிய படிவுகள் பல அத்தகைய காலங்களைச் சேர்ந்தவை. இத்தனை நிபந்தனைகளும் ஒரே இடத்தில் கூடிவருவது அரிது.

தட்டு அமிழாத இடங்களிலும் இப்படிவுகள் உண்டா?

உண்டு. திபெத்தின் தென்பகுதியில் உள்ள சூலோங் படிவின் வயது சுமார் 1.6 கோடி ஆண்டுகள். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி, அங்கே கடல்தட்டு அமிழ்வது நின்று வெகுகாலம் கழித்து உண்டானது. ஆனால் அந்தப் பாறைகளிலும் நியோபியப் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. முன்பு தட்டு அமிழ்ந்தபோது ஈரமாக்கி வைத்த கவசமும், மேலோட்டின் அடியில் தங்கிய சல்பைடுப் பாறையும் பிற்காலத்தில் மறுபடி உருகியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். முன்னொரு கேள்வியில் தொலைந்ததாகச் சொன்ன செம்பு இப்படித் திரும்பிவரவும் வழி இருக்கிறது.

ஏன் பெரும்பாலான படிவுகள் இளமையானவை?

சில கிலோமீட்டர் ஆழத்தில் உருவாவதால், மலை உயர உயர அரிப்பில் அழிந்துவிடுகின்றன. எல் டெனியன்டேவுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள், கிராஸ்பெர்க்குக்கு சுமார் 30 லட்சம். மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்கண்ட் செம்புப் படிவு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதைப் போர்ஃபிரி வகையில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சேர்த்தால், அவ்வளவு காலம் தப்பிப் பிழைத்த மிக அரிய ஒன்று.

ஒரு பாறையை அளந்து பார்த்து அங்கே தாது இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அந்தப் பாறையைத் தந்த குழம்பு தாது உண்டாக்கும் தகுதி பெற்றிருந்ததா என்பதை மட்டும் சொல்லலாம். பெரிய பரப்பில் எந்தக் குன்றை முதலில் துளைப்பது என்று முடிவெடுக்க அதுவே பேருதவி.

இன்று இதற்கு நான் அதிகம் நம்புவது முழுப்பாறையை விட சிர்கானை. அது தாதுப் பாய்மத்துக்கு அசைந்துகொடுக்காது. பாறை களிமண்ணாகிப் போனாலும், ஆற்று மணலில் உருண்டுபோனாலும் தன் பதிவை வைத்திருக்கும். ஆக்சிஜனேற்றம் மிகுந்த குழம்பில் சீரியத்தின் ஒரு பகுதி நான்கு மின்னூட்டம் கொண்ட அயனியாகிச் சிர்கோனியத்தின் இடத்தில் எளிதாக உட்கார்ந்துகொள்ளும். யூரோப்பியத்தை இரண்டு மின்னூட்டம் கொண்ட நிலையில் பிளேஜியோகிளேஸ் எடுத்துக்கொள்ளும். பிளேஜியோகிளேஸ் பிந்திய, ஆக்சிஜனேற்றம் மிகுந்த குழம்பில் அந்த இழப்பு குறையும். வட சிலியில் சுகிகமாட்டாவைச் சுற்றிய பாறைகளில் 2002இல் வெளியான ஆய்வு, தாது உள்ள ஊடுருவல்களின் சிர்கானில் யூரோப்பிய விகிதம் (அண்டைத் தனிமங்களை வைத்து எதிர்பார்க்கும் அளவுக்கு எதிராக உண்மையில் இருக்கும் அளவு) 0.4க்கு மேலும், நான்கு மின்னூட்டச் சீரியத்துக்கும் மூன்று மின்னூட்டச் சீரியத்துக்கும் உள்ள விகிதம் 300க்கு மேலும் இருப்பதைக் காட்டியது. அந்த எல்லைகளை அப்படியே வேறு நாட்டுக்குத் தூக்கிப்போகக் கூடாது. ஒரே மாவட்டத்தில், ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் அளந்த சிர்கான்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டால் பயன் உண்டு.

முதன்முதலாக மாதிரி எடுக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

புதிதாக உடைத்த, வெயில்மழை படாத உட்பகுதியை எடுங்கள். நரம்புகள் ஓடும் துண்டைத் தனியே வையுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை மெல்லிய வெட்டுக்கு ஒதுக்குங்கள். சிர்கானுக்கு என்றால் இரண்டு மூன்று கிலோ தேவைப்படும். எந்தக் கலத்தில் அரைக்கிறார்கள், எப்படிக் கரைக்கிறார்கள் என்று ஆய்வகத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மதிப்பு நன்கு தெரிந்த ஒரு தரப்பாறைப் பொடியைப் பெயர் சொல்லாமல் உங்கள் மாதிரிகளோடு கலந்து அனுப்புங்கள். முடிவு வந்ததும் முதலில் அந்த வரிசையைத்தான் பாருங்கள்.